காம்பு நீண்ட பூ

ஜீவனஹள்ளியில் தாயம்மாவின் கோலத்துக்கு ஈடு கிடையாது. அப்படித் தாயம்மாவே சொல்லுவாள். குடியரசு வந்த வருஷத்து மார்கழி அது. விடியுமுன் எழுந்து, ஓட்டின்மேல் படர்ந்த பரங்கிக் கொடியில் பூப்பறித்து, சாணி உருண்டைகளில் செருகி, கோலத்துக்கு எத்தனை மூலையோ அத்தனையிலும் வைப்பாள். காம்பு நீண்ட பூவாகப் பார்த்துத்தான் பறிப்பாள். அதுதான் சாணியில் நிமிர்ந்து நிற்கும். அடியில் குட்டி உருண்டையோடு இருக்கும் குட்டைக் காம்புப் பூவைத் தொடமாட்டாள். பிஞ்சைக் கிள்ளுவது பாவமாம். அந்த விஷயத்தில் மகா தர்மவதி.

கொடி, மருமகள் யசோதா நட்டது. பூத்துக் கொட்டியதே தவிர ஒரு காய் நிற்கவில்லை. பிஞ்செல்லாம் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தது. கல்யாணமாகி நாலு வருஷமாகியும் யசோதாவுக்கும் குழந்தை இல்லை. இரண்டையும் முடிச்சுப்போட தாயம்மாவுக்குச் சொல்லியா தரவேண்டும்?

"உன் கை ராசி அப்படி. பொங்கலுக்குள்ள ஒரு காயாவது நிக்கட்டும். இல்லன்னா தங்கவயலுக்குப் போயி என் தம்பி மக காந்தாவ இவனுக்குக் கேட்டுடுவேன்."

'இவன்' என்பது பெருமாள்சாமி. மில்லில் நிரந்தர ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் மகன் கண்ணெதிரே இருப்பானே என்று தாயம்மாதான் மேஸ்திரியிடம் கெஞ்சி அதை வாங்கினாள். பொழுது சாய்ந்தால் தூக்குச்சட்டியோடு போவான். காலையில் வந்து, வீட்டின் ஒற்றை அறையில் குறட்டை விடுவான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் அம்மா நடுவில் படுத்துக்கொள்வாள்.

யசோதா பயந்துதான் போனாள். கொடிக்குச் சாம்பல் போட்டாள், அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினாள், யாருமில்லாதபோது அதன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். ஒன்றும் நடக்கவில்லை.

தாயம்மா பொங்கல்வரை பொறுக்கவில்லை. மார்கழி பாதியிலேயே தங்கவயலுக்கு ரயிலேறிவிட்டாள்.

யசோதாவுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பூவாவது மண்ணாவது என்று வாசலில் நாலு கோடு இழுத்ததோடு சரி. வெயில் ஏறியபின் பார்த்தால் ஓடு முழுக்க மஞ்சள் பூ. ஒரு தேனீ காம்பு நீண்ட பூவுக்குள் விழுந்து புரண்டு, முதுகெல்லாம் பொடியோடு எழுந்து, பக்கத்துப் பிஞ்சுப் பூவுக்குள் புகுந்தது. அந்தப் பிஞ்சு மஞ்சளாகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் எலுமிச்சம்பழ அளவுக்கு உப்பியது. கூடவே இன்னும் இரண்டு.

பக்கத்து வீட்டுப் பவுலினை மதிலோரம் கூப்பிட்டுக் காட்டினாள். பவுலின் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. கோலம் போடாத வீடு. அவள் கொடியில் காய்க்குப் பஞ்சமே இல்லை.

"இதுல என்னாம்மா அதிசயம்? நீட்டுக் காம்பு ஆம்பளப் பூ. அந்தப் பொடி பிஞ்சுப் பூவுல விழுந்தாத்தான் காய் நிக்கும். உங்க அத்த விடியறதுக்குள்ள ஆம்பளைங்கள எல்லாம் புடுங்கிட்டா தேனீ என்னா பண்ணும், பாவம்?"

"ஏன்க்கா, முன்னயே சொல்லக்கூடாதா?"

"உங்க அத்தகிட்டயா? எனக்கு உயிர் மேல ஆச இல்லியா?"

யசோதா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். வீட்டுக்குள்ளிருந்து பெருமாள்சாமியின் குறட்டை கேட்டது. தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்தாள்.

ஒரு வாரம் கழித்து, ஒரு காலையில் தாயம்மா வந்து இறங்கினாள். "காந்தா வீட்டுல சம்மதம். தை பொறந்ததும் முடிச்சுடலாம்."

யசோதா ஓட்டின்மேல் காட்டினாள். மூன்று காய்கள். பவுலின் சொன்னதையும் சொன்னாள். தாயம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

"சரிடி, காய்ச்சுது, ஒத்துக்கறேன். கொடி வேற, மனுசங்க வேற."

"எப்படி வேற அத்தே? உங்க புள்ள பொழுது சாஞ்சா மில்லுல, விடிஞ்சா உங்க மடியில. லீவுன்னா நடுவுல நீங்க. காந்தா வந்தாலும் இதே ஷிப்டுதான?"

உள்ளே குறட்டை நின்றுபோனது. தாயம்மா பையைக்கூடப் பிரிக்காமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் கோலத்தில் ஒரே ஒரு பூ இருந்தது. தாயம்மா மேஸ்திரியைப் பார்க்கப் போயிருந்தாள்.

தை மாதம் பெருமாள்சாமிக்குப் பகல் ஷிப்ட் வந்தது. முதல் நாள் சாயங்காலம் அவன் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், தாயம்மா பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பவுலின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கொஞ்ச நாளைக்கு இங்க படுத்துக்கட்டுமா பவுலினு? எங்க வீட்டுல குளிரு ஜாஸ்தி."