கண்ணாடி பாத்தாச்சு

கண்ணாடி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் பிழைப்பது லேசான காரியமில்லை. மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, கார்க் கதவில் ஏறி இறங்குவதும் கண்ணாடி. போதாக்குறைக்கு, அதைப் 'பார்ப்பது' என்றால் துடைப்பதா, சரிசெய்வதா, சும்மா வேடிக்கை பார்ப்பதா என்று சொன்னவருக்கு மட்டும்தான் வெளிச்சம்.

கரண்ட் அக்காவுக்கு அன்று காலையிலிருந்தே இடுப்பு விட்டுப்போயிருந்தது. வண்டிகளின் வயரிங் வேலை பார்ப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். முதலாளி, தன்னைவிடச் சின்னவள் என்று தெரிந்தும், அக்கா என்றுதான் கூப்பிடுவார். வேலை வாங்க வசதியான உறவு. பல் டாக்டர் ஒருவரின் சாம்பல் நிறக் காருக்கு அவள் புது பேட்டரி மாட்டியிருந்தாள். அந்த ரகக் காரில் பேட்டரியைக் கழற்றினால் கண்ணாடிக்குப் புத்தி மழுங்கிவிடும். நடுவில் கை மாட்டினால் உணர்ந்து இறங்க வேண்டும் என்பதே மறந்துபோகும். ஒவ்வொரு கதவிலும் முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, சுவிட்சைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து மறுபடி பழக்க வேண்டும். முன்கதவுகளை முடித்துவிட்டுப் பின்னால் போவதற்குள் முதலாளி குரல் கொடுத்தார்.

"அக்கா, இங்க ஒரு ஹாரன் நிக்காம கத்துது. சீக்கிரம் வா."

"மாமா, பின்னாடி கண்ணாடி ரெண்டையும் பாத்துடுங்க" என்று வண்டி கழுவும் மாமாவிடம் சொல்லிவிட்டு ஓடினாள். அவரும் கண்ணாடி பழக்கத் தெரிந்தவர்தான். திரும்பி வந்து கேட்டபோது, "பாத்தாச்சும்மா" என்றார். வண்டி போய்விட்டது.

சாயங்காலம் கை கழுவும்போது மாமா பெருமையாகச் சொன்னார். "அந்தச் சாம்பல் வண்டி பின்கண்ணாடி எப்படி பளபளன்னு இருந்துச்சு தெரியுமா? அதப் பாத்து தலையே வாரலாம்." வாருவதற்கு அவர் தலையில் ஒன்றும் கிடையாது.

அக்கா குழாயை மூடினாள். "தொடச்சீங்களா?"

"பின்ன? நீதானம்மா பாக்கச் சொன்ன."

பின்சீட்டில் பிஸ்கட் தூளும் ஒற்றைக் குட்டிச் செருப்பும் கிடந்ததை அவள் பார்த்திருந்தாள். டாக்டருக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. முதலாளி ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். "நாளைக்கு வரச் சொல்லிக்கலாம் விடு. நாமெல்லாம் சென்சார் வெச்ச வண்டியிலயா வளந்தோம்?" அடுத்து அவள் கணவரிடமிருந்து போன். "அம்மாவுக்குத் தைலம் தீந்துபோச்சு. வாங்கிட்டு சீக்கிரம் வா." எல்லாவற்றையும் போட்டுவிட்டு அந்தச் சிமெண்டுத் தரையிலேயே படுத்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் வீட்டுக்கு எதிர்த்திசையில் போகும் பஸ்ஸில் ஏறி, கிளினிக் வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.

டாக்டர் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டிருந்தார். வாசலில் கார் உறுமியபடி நின்றது. மகன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் நோண்டிக்கொண்டிருந்தான். பின்சீட்டில் தங்கச்சிப் பாப்பா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி யாருக்கோ டாட்டா காட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஏறிக்கொண்டிருந்தது.

கத்திப் பயனில்லை. அக்கா ஓடிப்போய்ப் பாப்பாவின் கைக்குப் பக்கத்தில் தன் இடது கையை நுழைத்தாள். கண்ணாடி அவள் கையை மேல் சட்டத்தோடு வைத்து நெரித்தது. நிற்பதாக இல்லை. குழந்தையின் கை மெலிசு. அவள் கையின் பருமன் கொடுத்த இடைவெளியில் தப்பித்தது.

"கண்ணு, அந்த சுவிட்சக் கீழ அமுக்கு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. பயந்துபோன பையன் எதையோ அமுக்க, கண்ணாடி இறங்கியது.

டாக்டர் ஓடிவந்தார். "என்னங்க இது? சென்சார் இருக்குன்னுதானே சொன்னாங்க?"

"இருக்கு சார். நாங்கதான் பழக்காம அனுப்பிட்டோம்."

மாமாவின் பெயரை எடுக்க அவளுக்குத் தெம்பில்லை. குழந்தைகளை இறக்கிவிட்டு, பின்கதவுகள் இரண்டையும் பழக்கி முடித்தாள்.

"இனிமே நிக்குமா?"

"நிக்கும் சார்."

"எப்படி நம்பறது?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வழக்கமாக ஒரு மரக்கட்டையை வைத்துக் காட்டுவார்கள். அது ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அக்கா பின்சீட்டில் உட்கார்ந்து, வலது கையால் சுவிட்சை இழுத்தாள். கன்றிப்போன இடது கையையே ஜன்னலில் வைத்தாள். வலியை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணாடி ஏறி வந்தது, அவள் தோலைத் தொட்டது, நின்றது, தானாகவே இறங்கிப் போனது.

அவள் கண்ணைத் திறந்தாள். காலையிலிருந்து அவளுக்கு வலிக்குமே என்று விலகிக்கொண்டது அது ஒன்றுதான்.

"போதும்மா, நம்பறேன்" என்றார் டாக்டர்.

"இன்னொரு தடவ பாத்துடறேன் சார்" என்று அக்கா மறுபடியும் கையை வைத்தாள்.