பின்பக்கமாக வந்த ட்ரக்டர்

மாதா கோயில் படியில் நின்று சொல்லச் சொன்னாலும் இதேதான்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சந்தேகப்படுகிறவர்கள் செல்லசாமியிடம் கேட்டுக்கொள்ளலாம். அவர் செத்துப் பல வருஷமாகிறது என்பது வேறு விஷயம்.

எழுபத்து நாலில், பொகவந்தலாவைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்துக்கு ட்ரக்டர் வந்தது, கழற்றிய சாமான்களாக மரப்பெட்டிகளில். பூட்டுவதற்கு ஆள் வரவில்லை. தேயிலை ஆலையில் மெஷின் பழுது பார்க்கும் இக்னேசியஸைப் பெரிய துரை கூப்பிட்டார். திங்கட்கிழமை காலை ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் வண்டி ஓட வேண்டும். ஓடாவிட்டால் இக்னேசியஸ் ஸ்பேனரை வைத்துவிட்டு மலைக்குப் புல் வெட்டப் போக வேண்டும். மலையிலுள்ள அட்டைகளெல்லாம் தனக்காகவே இத்தனை காலம் பட்டினி கிடப்பதாக இக்னேசியஸுக்கு ஓர் எண்ணம்.

உதவிக்குச் செல்லசாமியை வைத்துக்கொண்டு பூட்டி முடித்தார். ஒரு போல்ட்கூட மிஞ்சவில்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து கிளப்பினார். முதல் கியரைப் போட்டதும் ட்ரக்டர் பின்னால் போய் ஸ்டோர் கதவை இடித்தது. இரண்டாவது கியரில் இன்னும் வேகமாகப் பின்னால். ரிவர்ஸைப் போட்டால் புது மாப்பிள்ளை மாதிரி மெதுவாக முன்னால் நகர்ந்தது. பின் அச்சுக்குள்ளிருக்கும் பெரிய பல்சக்கரத்தை இடவலம் மாற்றிப் பூட்டியிருந்தார். சரிசெய்வதென்றால் மறுபடி முழுதும் கழற்ற வேண்டும். விடிந்தால் பெரட்டு.

"அட்டை ஏறாம காலுல பூச சவுக்காரம் எடுத்து வைக்கவா அண்ணே?" என்றார் செல்லசாமி.

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி டோரீன் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். "அது போற பக்கம் நல்லாத்தானே போகுது. நீங்கதான் தப்பாப் பாத்து ஒக்காந்திருக்கீங்க. சீட்டத் திருப்பிப் போடுங்க."

சீட்டையும் ஸ்டியரிங்கையும் திருப்பிப் பூட்டினார். எப்படி என்று கேட்கக் கூடாது, தொழில் ரகசியம்.

மறுநாள் பனிக்குள்ளிருந்து ட்ரக்டர் பெரட்டுக் களத்துக்கு வந்தது. பெரிய சக்கரங்கள் முன்னே, சின்னச் சக்கரங்கள் பின்னே. துரை வாயிலிருந்து சுருட்டை எடுத்தார்.

"இக்னேசியஸ், இஞ்சின் எங்கே?"

"பின்னுக்கு வருதுங்க தொரை. புது மாடல்."

துரை ஒருமுறை சுற்றிவந்தார். "சரி. கொழுந்து ஏற்று."

ஸ்பேனர் இக்னேசியஸ் கையிலேயே தங்கியது. அதற்கப்புறம் அந்த மலைப்பாதையில் பஸ் டிரைவர்கள் எதிரிலுள்ள ட்ரக்டர் வருகிறதா, போகிறதா என்று தெரியாமல் ஓரங்கட்டி, பீடி பற்றவைத்துக் காத்து நிற்பார்கள்.

அந்தத் தோட்டத்துக்கு வண்டிப்பாதை வெட்டியதே எண்பத்தோராம் வருஷம்தான், அதுவரை கொழுந்து மூட்டையெல்லாம் மேலேயிருந்து கட்டிய கம்பியில் தொங்கித்தான் இறங்கியது என்பது வேறு விஷயம்.