முரளிதரன் போட்ட ராஜா வேஷம்

குவைத்தில் அப்பாசியா தமிழ்க்காரர்களின் ஆண்டு விழா நாடகத்தில் ராஜா வேஷம் எப்போதும் முரளிதரனுக்குத்தான். ஹால் வாடகையை அவர்தான் கொடுக்கிறார். தன் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்வார். மீதிக் கதை என்னவென்று கேட்டதே இல்லை.

இந்த வருஷம் நாடகம் எழுதியவள் ஜலஜா. இந்தியப் பள்ளியில் சரித்திர டீச்சர், முரளிதரனின் தம்பி தியாகுவின் மனைவி. தியாகு சவூதியின் ஜுபைலுக்குப் போகிற வழியில் விபத்தில் இறந்துபோனான். பதினாறாம் நாள் காரியத்தில், கூட்டத்தின் முன்னாலேயே முரளிதரன் சொன்னார்.

“உனக்கு ஒரு நிழல் வேணும்மா. ஆளை நான் பாத்துட்டேன். நீ தலைய ஆட்டினாப் போதும்.”

ஆள், அவர் மனைவி அருணாவின் தம்பி விஜயபாஸ்கர். மளிகைக் கடையில் தியாகுவுக்கு இருந்த பாதிப் பங்கு வெளியே போய்விடக் கூடாதல்லவா? ஜலஜாவின் விசாவும் அந்தக் கடையின் பேரில்தான். அவள் தலையை ஆட்டினாள். வருஷத் திதி முடியட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அதற்குள் கடைக்கு ஸ்பான்சரான அரபி, கபீலிடம் நேரில் போய் நின்று, பள்ளிக்கூட விசாவுக்கு மாறிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நாடகம், பழைய இங்கிலாந்தின் ஒரு சீமாட்டியைப் பற்றியது. புருஷன் சாகும்போதெல்லாம் ராஜா அவளை நிலத்தோடு சேர்த்துத் தன் ஆளுக்குக் கட்டிவைக்கிறான். சீமாட்டியாக ஜலஜாவே நடித்தாள். ராஜாவின் வசனத்துக்காக அவள் பெரிதாகச் சிரமப்படவில்லை. கேட்டதைச் செந்தமிழாக்கினாள், அவ்வளவுதான்.

கிரீடத்தோடு முரளிதரன் முழங்கினார். “உனக்கொரு நிழல் வேண்டும், பெண்ணே! ஆளை நான் பார்த்துவிட்டேன். நீ தலையசைத்தால் போதும்.”

ஹாலில் பாதிப் பேர் காரியத்துக்கு வந்தவர்கள். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு முன்னால் வந்தது. வசனம் எடுபட்டுவிட்டது என்று நினைத்து, அவர் வழக்கம்போல அதையே இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னார்.

ஜலஜா நிதானமாகக் கேட்டாள். “எனக்கு நிழலா ராஜாவே, என் நிலத்துக்கு வேலியா?”

முன்வரிசையிலிருந்து விஜயபாஸ்கர் எழுந்து வெளியே போனான். தம்பி பின்னாலேயே அருணாவும் ஓடினாள். அப்போதுதான் முரளிதரனுக்கு உறைத்தது.

மேடைக்குப் பின்னால் பல்லைக் கடித்தார். “சந்தி சிரிக்க வச்சுட்டியே. நாளைக்கே உன் விசாவ கேன்சல் பண்றேன் பாரு.”

“அது ஸ்கூல் விசா ஆயிருச்சு மாமா. கடைப் பங்கு பத்தி வக்கீல் பேசுவாரு.”

செயலாளர் ஜெயசீலன் எட்டிப் பார்த்தார். “அண்ணே, மங்காஃப் தமிழ்க்காரங்க அடுத்த வெள்ளிக்கிழமை இதே நாடகத்தக் கேக்குறாங்க. ராஜாவா நீங்களே வரணுமாம்.”

முரளிதரன் வாயைத் திறப்பதற்குள் ஜலஜா சொன்னாள். “வருவாருன்னு சொல்லிடுங்க.”