பதினோரு நிமிட ஷாட்

தம்பியின் படத்தோடு மல்லுக்கட்டத் தொடங்கி எடிட்டர் அக்காவுக்கு அன்றோடு நாற்பது நாள். திரைப்பட விழாக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் ஒரு நொடி கூடாது, மாலை ஐந்துக்குள் வந்துசேர வேண்டும். படம் நூறு நிமிடம். மணி மூன்று.

"அந்தப் பதினோரு நிமிஷ ஷாட்டைத் தூக்கிட்டா வேலை முடிஞ்சுது."

"அதுதான் படத்தோட உயிரே. அதுல மட்டும் கை வைக்காதக்கா" என்றான் தம்பி, பிஸ்கட்டை மென்றபடி.

உயிராம். ஓடிப்போன மகனுக்காக ஒரு தாய் நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். நடிக்க வந்த அம்மையார் கோபித்துக்கொண்டு போய்விட்டதால் பெற்ற அம்மாவையே பிடித்து உட்கார வைத்துவிட்டான். மகனாக நடித்தது வேறு யார், ஐயாவேதான். கூட இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, தனியாளாக எடுத்த ஷாட் அது. ஃபோகஸ் போய்ப் போய் வருகிறது. மைக் மெல்லச் சரிந்து உள்ளே எட்டிப் பார்க்கிறது. நடுவில் அம்மா, வீணாக எரிகிறதே என்று கை நீட்டி மேசை விளக்கை வேறு அணைத்துவிடுகிறாள். கேட்டால், துணிச்சலான முயற்சி என்கிறான். அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கொஞ்சமாவது சுருக்கலாமா என்று ஹெட்ஃபோனை மாட்டி ஒலியைக் கூட்டினாள். இரண்டாம் நிமிடத்தில் ஒரு போன் அதிர்கிறது. "அம்மா, நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காத" என்று தம்பி கிசுகிசுக்கிறான். கதவு சாத்தும் சத்தம். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போகிறது. அப்புறம் அம்மாவின் மூச்சு மட்டும்தான், மெமரி கார்டு நிரம்பி கேமரா நிற்கும்வரை.

அம்மாவுக்கு போன் போட்டாள்.

"அன்னைக்கு எவ்வளவு நேரம்மா உட்கார்ந்திருந்த?"

"யாரு மணி பாத்தா? இருட்டிப் போச்சு. பக்கத்து வீட்டுக்காரி வந்து லைட்டப் போட்டப்புறம்தான் எந்திரிச்சேன். முட்டி பிடிச்சுக்கிச்சு. நடுவுல எந்திரிச்சா அவன் படம் கெட்டுடும்ல?" சற்று நிறுத்தி, "அங்கதான் இருக்கானா? சாப்பிட்டானா?"

அக்கா ஆத்திரத்தோடு போனை வைத்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றித் தம்பியின் காதில் மாட்டி, அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள். செருப்புச் சத்தம் ஓய்ந்த பிறகும் அவன் நிமிரவில்லை.

"ஃப்ரெண்டு கூப்பிட்டான். அப்படியே மறந்துட்டேன்" என்றான். "நீ சொன்னதுதான் சரி. இத எடுத்துரு."

"மாட்டேன்."

நாற்பது நாளாகத் திட்டித் தீர்த்த ஷாட்டை அவள் அப்படியே விட்டாள். அதற்கு அடுத்து வருவது, மகன் திரும்பி வந்து தாயின் மடியில் விழுந்து அழும் கடைசிக் காட்சி. பத்து நிமிடம் தம்பி உருகி உருகி நடித்தது. அதை மொத்தமாக அழித்தாள்.

"அக்கா, அப்ப மகன் வரவே மாட்டானா?"

"அன்னைக்கு வந்தானா?"

நாலரை மணிக்குப் படத்தை அனுப்பிவிட்டாள்.