நாலு மணிக்குத் திறக்கும் ஓட்டை

"மாட்டுச்சு!"

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவள் போட்ட சத்தத்தில், எதிரே ஒரு மூக்குக் கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த அவள் கணவன் தூக்கிவாரிப் போட்டு எழுந்தான். கடுகத்தனை திருகாணி எகிறி எங்கோ போனது. அவன் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். சனிக்கிழமையானால் பாதிக் கடை அந்த மேஜைக்கு வந்துவிடும்.

"எது மாட்டுச்சு? விரலா?"

"ஓட்டைங்க! குளத்துல ஓட்டை!"

வீட்டில் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர். கல்யாணமான புதிதில் அவனுடைய ரேடியோவை ஏன் கரகரக்கிறது என்று குடைந்து குடைந்து ஒரேயடியாக ஊமையாக்கிய நாளில் அவன் வைத்த பெயர். அந்தக் குணத்தையே பிழைப்பாக்கிக்கொண்டாள். இணையத்தில் ஒரு வகை வங்கி இருக்கிறது. மேலாளர் கிடையாது, காசாளர் கிடையாது, எல்லாமே புரோகிராம்தான். யார் வேண்டுமானாலும் பணம் போடலாம், எடுக்கலாம், கடன் வாங்கலாம். எல்லார் பணமும் ஒரே இடத்தில் தேங்கிக் கிடப்பதால் அதற்குக் குளம் என்று பெயர். புரோகிராமில் ஓட்டை இருந்தால் குளம் நொடியில் வற்றிவிடும். திருடனுக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குக் குளத்துக்காரர்கள் பரிசு தருவார்கள், அதுவும் கொஞ்சநஞ்சமில்லை.

அதை நம்பித்தான் ஒரு வருடத்துக்கு முன் வேலையை விட்டாள். வந்ததென்னவோ துக்கடாப் பரிசுகளும், 'இதை ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார்' என்ற பதில்களும்தான். பழைய ஆபீஸ் மேலாளர் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார். இவளும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சரியென்று சொல்லிவிட்டாள். மிச்சமிருந்தது இந்தச் சனியும் ஞாயிறும்தான்.

சத்தம் கேட்டு நாத்தனார் தலையில் துண்டோடு ஓடிவந்தாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள், வாய் மட்டும் ஊசியைவிடக் கூர்மை. அண்ணி செய்வதெல்லாம் ஒரு வேலையா என்று கேலி பேசாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. தினமும் சாப்பிட உட்காரும்போது, "அண்ணி, குளத்துல இன்னிக்கு எவ்வளவு தண்ணி?" என்று கேட்பாள். குடைச்சலும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வாள்.

"புரியற மாதிரி சொல்லு அண்ணி."

"கடையில சில்லறை பாக்கி வந்தா என்ன பண்ணுவாங்க? அரைக் காசு இருந்தா கடைக்காரர் விட்டுத் தரமாட்டாரு. இந்தக் குளம் அரைக் காசை முழுக் காசாக்கி நம்ம கையில குடுக்குது. ஒரு தடவைக்கு ஒண்ணும் தெரியாது. போட்டு எடுத்து, போட்டு எடுத்து, லட்சம் தடவை பண்ணினா? புரோகிராம் வச்சா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். குளத்துல சொட்டுத் தண்ணி இருக்காது!"

நாத்தனாரின் முகத்தில் சிரிப்பில்லை. குடைச்சல் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்குத்தான் தலைகால் புரியவில்லையே. மளமளவென்று ரிப்போர்ட்டை எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டு நாற்காலியைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டாள். கணவன் திருகாணியைத் தேடுவதை விட்டுவிட்டு, பரிசு வந்தால் மூன்று வருடச் சம்பளத்தைத் தாண்டுமே என்று வாய்விட்டுக் கணக்குப் போட்டான். மேலாளரிடம் எப்படி மறுப்பது என்பதை அவள் கண்ணாடி முன் நின்று இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் நன்றாகவே இருந்தன.

சாப்பாடு முடிந்து கை கழுவும்போது பதில் வந்தது. ரிப்போர்ட்டுகளைப் படித்து ஏற்பதோ தள்ளுவதோ குளத்துக்காரர்களில் ஒருவரின் வேலை. படத்துக்குப் பதில் ஆந்தையை வைத்திருந்ததால் இந்த வீட்டில் அவர் ஆந்தையார். 'இயங்கும் புரோகிராமில் நீங்கள் சொல்லும் கோளாறு இல்லை. தகுதியற்றது. மூடப்பட்டது.'

"இவருக்குக் கண்ணு தெரியலயா? நம்ம கடைக்கு வரச் சொல்லு" என்றான் கணவன்.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஆத்திரத்தோடு ஆத்திரமாகச் சரிபார்க்கவும் செய்தாள். தப்பு அவளுடையதுதான். குளத்தின் பிரதி ஒன்றை எடுத்து வீட்டு லேப்டாப்பில் ஓட்டித்தான் எப்போதும் சோதிப்பாள். இந்தத் தடவை பிரதி எடுக்கும் அவசரத்தில், பதிப்புகளின் வரிசையில் மேலே இருந்ததை அப்படியே இறக்கிவிட்டாள். அது இப்போது ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் அல்ல. இனிமேல் வரப்போகிற புதுசு. பழையதில் அரைக் காசு ஒழுங்காகக் குளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. புதுசு எப்போது அமலுக்கு வருகிறது என்று பார்த்தாள்.

"இன்னிக்கு நாலு மணி" என்றாள்.

"யாரு மாத்துவாங்க?" என்றாள் நாத்தனார்.

"யாரும் வேண்டாம். பணம் போட்டவங்க ஓட்டெடுப்பு முடிஞ்சாச்சு. நாலு மணியானா தானா மாறிடும்."

கணவன் மேஜையைத் தட்டினான். "அப்போ கவலையே இல்ல! நாலு மணி வரைக்கும் கம்முனு இரு. மாறின அடுத்த நிமிஷம் அதே ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பு. அப்போ அது ஓடுற புரோகிராம். ஆந்தையார் வாயைத் திறக்க முடியாது."

அவன் சொன்னதில் பொய்யில்லை. விதி அப்படித்தான் இருந்தது. இயங்கும் புரோகிராமில் இருக்கும் கோளாறுக்குத்தான் பரிசு. இப்போது கத்தினால் ஒரு பைசா கிடையாது. நாலு மணிக்குப் பிறகு சொன்னால் திங்கட்கிழமை ஆபீஸ் கிடையாது. ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பத் தயாராக வைத்தாள். ஆசையாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் ஒரு நினைப்பு உள்ளே குடைய ஆரம்பித்தது. புதுப் புரோகிராம் ஒரு வாரமாக எல்லார் கண்ணிலும் படும்படிதான் கிடக்கிறது. தப்பான பிரதியை எடுத்த தனக்கே கிடைத்த ஓட்டை, அதையே தேடித் திரிகிறவன் கண்ணில் படாமலா இருக்கும்? அவன் ரிப்போர்ட் எழுதமாட்டான். நாலு அடித்ததும் குளத்தில் வாயை வைத்து உறிஞ்சுகிற புரோகிராமைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இவளுடைய ரிப்போர்ட்டை ஆந்தையார் சாவகாசமாகத் திறக்கும்போது குளத்தில் சேறுகூட மிஞ்சாது.

"அண்ணி, காத்திருக்காத" என்றாள் நாத்தனார். தலைத்துண்டு தோளில் நழுவிக் கிடந்தது. "பாவம், யார் யாரு பணமோ."

இவள் எப்போதிலிருந்து ஊரார் பணத்துக்கு உருக ஆரம்பித்தாள் என்று கேட்க வாயெடுத்த குடைச்சல், அதற்கு நேரமில்லை என்று விட்டுவிட்டாள். திருத்தி வைத்திருந்த ரிப்போர்ட்டை அழித்தாள். மூடப்பட்ட ரிப்போர்ட்டின் அடியிலேயே எழுதினாள்: 'நான்தான் தப்பாகப் படித்தேன். கோளாறு இன்று நாலு மணிக்கு வருகிற புரோகிராமில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.'

பதிலில்லை. மூடிய ரிப்போர்ட்டை ஆந்தையார் எதற்குத் திரும்பப் பார்க்கப் போகிறார்?

குளத்துக்காரர்களின் பொதுக் குரூப்புக்கு ஓடினாள். அங்கே இன்னொரு தலைவலி. என்ன கோளாறு என்று சொன்னால் திருடனுக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். 'மிக அவசரம், பொறுப்பில் இருப்பவர்கள் உடனே தொடர்புகொள்ளவும்' என்று மட்டும் போட்டாள். ஏமாற்றுக்காரர்கள் எல்லாரும் அட்சரம் பிசகாமல் இப்படித்தான் எழுதுவார்கள். 'கிளம்பிட்டாங்கய்யா' என்று ஒருவன் சிரித்தான். அடுத்த நிமிடம் அவளைக் குரூப்பைவிட்டே தூக்கிவிட்டார்கள்.

"என்னைத் திருடின்னுட்டாங்க!" என்று கத்தினாள். கண்ணில் நீர் முட்டியது.

"அழுதுகிட்டு நிக்காத அண்ணி. ரத்துப் பண்ண யாருக்கு அதிகாரம் இருக்கு?"

"அஞ்சு பேருகிட்ட ரத்துச் சாவி இருக்கு. மூணு பேரு சேர்ந்தா நிறுத்திடலாம். ஆனா அவங்க யாரு, எங்க இருக்காங்க, ஒண்ணும் தெரியாது. அவங்க வாலட், அதான் இணையத்துல காசு வச்சுக்கற பை, அதோட முகவரி மட்டும்தான் தெரியும்."

"எங்க ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர் போனை எடுக்கலன்னா அவரோட அவசர மணியை அடிச்சிடுவோம். விழுந்தடிச்சுக்கிட்டு வருவாரு. இவங்களுக்கு அப்படி ஒரு மணி இல்லியா?"

குடைச்சல் அவளைப் பார்த்தாள். பிறகு அவள் கன்னத்தைப் பிடித்து இழுத்து ஒரு முத்தம் கொடுத்தாள். அந்த வீட்டில் அதுவரை நடந்திராத சங்கதி அது.

மணி இருந்தது! அந்த ஐந்து வாலட்டுகளும் ரத்துச் செய்வதற்கென்றே வைத்தவை. அவற்றுக்கு யாரும் காசு அனுப்புவதில்லை. திடீரென்று ஒரு காசு போய் விழுந்தால், யாரோ சாவியில் கைவைக்கிறார்கள் என்று சொந்தக்காரரின் போன் அலறும். அனுப்பும் காசோடு ஒரு வரிக் குறிப்பும் சேர்க்கலாம். குறிப்பை ஊரே படிக்கும்தான். ஆனால் மூடிய ரிப்போர்ட்டைக் குளத்துக்காரர்கள் மட்டும்தான் படிக்க முடியும். ஐந்து வாலட்டுக்கும் ஆளுக்கொரு சல்லிக் காசு அனுப்பினாள். கூடவே ரிப்போர்ட்டின் எண்ணும் மூன்று சொல்லும்: 'நாலு மணிக்குள் படித்துவிடுங்கள்.'

பிறகு மூன்று பேரும் திரையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். புதுப் புரோகிராமின் பெயருக்கு எதிரே 'காத்திருப்பில்' என்று இருந்தது. மணி மூன்றைத் தாண்டி எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. கணவன் கையிலிருந்த கண்ணாடியின் ஒரு காலைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, கடைசியில் ஒடித்தேவிட்டான்.

மூடிய ரிப்போர்ட்டின் கீழ் புதிதாக ஒரு வரி முளைத்தது. 'நான் சாவிக்காரர்களில் ஒருவன். படித்துவிட்டேன். கடவுளே.'

"ஒண்ணு!" என்று மூவரும் ஒரே குரலில் கூவினார்கள். ரத்துக்கு முதல் கையெழுத்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் விழுந்தது. அதற்குப் பிறகு ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டது. மூன்றாமவர் எங்கே போய்த் தொலைந்தார்? தூங்குகிறாரா, விமானத்தில் இருக்கிறாரா? சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டை முட்டப் போகிற மாதிரி இருந்தது. நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

'காத்திருப்பில்' என்ற சொல் அழிந்தது. 'ரத்து' என்று வந்தது.

அவர்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். யாருக்கு என்ன கவலை? கணவன் அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல், அவளோடு சேர்ந்து நாற்காலியில் விழுந்தான். அப்போதுதான் அவன் காலுக்கடியில் திருகாணி கிடைத்தது.

சற்று நேரத்தில் ஆந்தையார் எழுதினார். மன்னிப்புக் கேட்டிருந்தார். 'விதிப்படி இதற்குப் பரிசு இல்லை. விதியை மீற எங்களுக்கும் அதிகாரமில்லை. ஆனால் உங்களுக்கு முழுப் பரிசையும் தரலாமா என்று ஓட்டெடுப்புக்கு விட்டிருக்கிறோம். குளத்தில் பணம் போட்டவர்கள் முடிவு செய்யட்டும்.'

"யாருன்னே தெரியாதவங்க எனக்கு எதுக்குப் போடுவாங்க?" என்றாள் குடைச்சல். வாய் அப்படிச் சொன்னாலும் மனது கிடந்து துள்ளியது. கிடைக்காவிட்டாலும் போகட்டும், இந்த வேலையை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை எந்த ஆபீஸுக்கும் போவதாக இல்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டாள்.

நாத்தனார் தன் போனைத் தடவிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, இதுல எப்படி ஓட்டுப் போடறது?"

"நீ போட முடியாதுடி. குளத்துல பணம் போட்டவங்கதான்…"

பாதியில் நின்றுவிட்டாள். நாத்தனார் நிமிரவேயில்லை.

"நீ தினம் சோறு திங்கும்போது அதைப் பத்தியே பேசினா நான் என்ன பண்ணட்டும்? அண்ணி இவ்வளவு குடைஞ்சும் உடையலன்னா நல்ல குளமாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

தினமும் எவ்வளவு தண்ணி என்று கேட்டது கேலியில்லை என்பது அப்போதுதான் குடைச்சலுக்கு உறைத்தது.

"எவ்வளவு போட்ட?"

"இருக்கறது எல்லாத்தையும்."

நாலு மணிக்குப் பிறகு அனுப்ப வைத்திருந்து அழித்துவிட்ட அந்த ரிப்போர்ட்டைக் குடைச்சல் நினைத்துக்கொண்டாள். நாத்தனாரை இழுத்து இறுக அணைத்துக்கொண்டாள். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"வலிக்குது அண்ணி! எந்தப் பொத்தான்னு சொல்லு முதல்ல."

"பச்சை" என்றாள் குடைச்சல்.

நாத்தனார் பச்சையை அமுக்கினாள். அதுதான் முதல் ஓட்டு. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே இரண்டாவது விழுந்தது, மூன்றாவது விழுந்தது, பிறகு எண்ண முடியவில்லை.