ஒரு பிடி வாய்க்கரிசி

பெரம்பலூர் மாவட்ட வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க தீர்ப்பொன்று, 2003 வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஆண்டிமடத்து இழவு வீடொன்றில், ஒப்பாரிக்கென்று கட்டிய மைக்கிலேயே அறிவிக்கப்பட்டது: தாலி கட்டாதவள் வாய்க்கரிசி போடக் கூடாது.

அறிவித்தவர் ஊர்நலச் சங்கத் தலைவர் ராஜராஜன். செத்தவன் முந்திரி லோடு ஓட்டிய பாலசுந்தரம். போடக் கூடாதவள் புஷ்பவல்லி. பதினோரு வருஷம் அவனோடு ஒரே வீட்டில் இருந்தவள்.

கல்யாணத்தைப் பற்றி அவள் கேட்காமலில்லை. "வர்ற தையில பாத்துக்கலாம் புள்ள" என்பான். தை வந்தால் லாரிக்கு டயர் தேய்ந்திருக்கும். ஏழெட்டுத் தை போனதும் கேட்பதை விட்டுவிட்டாள்.

இப்போது கேட்டது ஒரு பிடி அரிசிதான். முந்திரி உடைத்துக் கறுத்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு, செத்தவனின் அண்ணன் நல்லதம்பி முன்னால் போய் நின்றாள்.

"மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க. நான் ஆக்கிப் போட்டதத்தான தின்னாரு."

"எனக்கு என்னம்மா, தலைவரு ஒத்துக்கணும்ல."

"பாசம் வேற, முறை வேற" என்றார் ராஜராஜன். "இவளுக்கு வுட்டா நாளைக்கு ஊரே இப்பிடிக் கெளம்பிடும்."

"ஏன் தலைவரே, கட்டுன தாலியக் கழட்டி வச்சிட்டு ஓடிருவோமா நாங்க?" என்றாள் எதிர்வீட்டு ரத்தினம்மாள். தலைவர் காதில் அது விழவில்லை.

இரண்டு சுற்று டீக்குப் பிறகு சமரசம் பிறந்தது. பிணத்தின் கையால் தாலி கட்டிவிடலாம்.

"பதினோரு வருசமா அந்தக் கையிலதான கேட்டேன்" என்று முனகிவிட்டுப் புஷ்பவல்லி குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். விறைத்த விரல்கள் மடங்கவில்லை. அவற்றில் மஞ்சள் கயிற்றைத் தொட்டுவைத்து, நல்லதம்பியே மூன்று முடிச்சும் போட்டார். பழக்கதோஷத்தில் யாரோ ஒருத்தி வாய்க்கரிசி முறத்திலிருந்து எடுத்து அட்சதை போட்டாள்.

பதினாறாம் நாள்வரை விட்டால் உரிமை கிரிமை முளைத்துவிடும் என்று தலைவர் கருதியதால், தாலியை அப்போதே அறுத்தார்கள், வளையலை உடைத்தார்கள். பிறகு முறத்தை நீட்டினார்கள். தாடையை இறுக்கிக் கட்டியிருந்ததால் அவள் போட்ட அரிசி வாய்க்குள் போகவில்லை. கன்னத்தில் ஒட்டியதை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"போதும்மா, நேரமாவுது" என்றார் நல்லதம்பி.

பாடையைத் தூக்கினார்கள். ஊரே அங்கீகரித்த மனைவி என்பதால் புஷ்பவல்லி பின்னாலேயே நடந்தாள். தெருமுனையில் அவளை நிறுத்திவிட்டார்கள். பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போவதில்லை.