முப்பத்தொரு நாள் எழுதிய பதில்கள்

அமெரிக்கக் குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை அக்‌ஷரா என் பக்கம் திருப்பி வைத்தாள். என் விசா மனுவை எங்கள் நிறுவனத்துக்காகப் பார்த்த சட்டத்தரணி அவள், சென்னைப் பெண்.

பிரான்சில் லா சப்பலில் அலுவலகம், பொண்டியில் களஞ்சியம், அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஒரு கிளை என்று உணவுப் பொருள் இறக்குமதி செய்கிறோம். அந்தக் கிளையை நடத்த மனேஜராக என்னை அனுப்ப முதலாளி மனுப் போட்டிருந்தார். என் ஒரே மகள் துஷ்யந்தி அங்கேதான் இருக்கிறாள். மனைவி மார்கிரட் இறந்த பிறகு எனக்கு இங்கே வேறு யாருமில்லை.

"சார், இந்த லெட்டர் யார் எழுதினது?"

அவள் விரல் வைத்தது மனுவோடு போன முதலாளியின் சிபாரிசுக் கடிதத்தில். 'ஞானரட்ணம் எல்லா வேலையையும் தானே செய்வார். கொண்டெய்னர் வந்தால் முதல் பெட்டியை இறக்குபவரும் அவரே.' நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் எழுதினார். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒருவரைப் பற்றி இதைவிட நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

"பெட்டி இறக்குறவர மேனேஜர்னு அவங்க ஒத்துக்க மாட்டாங்க. உங்களுக்குக் கீழ யார் இருக்காங்க, நீங்க என்ன முடிவு எடுத்தீங்கன்னு கேக்குறாங்க."

"மூண்டு பகுதிக்கும் பொறுப்பாளர்கள் இருக்கினம், பிள்ளை. அவைக்குக் கீழை இருபத்தாறு பேர். ஆரை எடுக்கிறது, ஆரை நிப்பாட்டிறது எல்லாம் நான்தான்."

"எழுத்துல இருக்கா?"

இல்லை. எல்லாம் தொலைபேசியில், நின்ற நிலையில், வாயால். பதில் அனுப்பப் பன்னிரண்டு கிழமை தந்திருந்தார்கள்.

களஞ்சியப் பொறுப்பாளர் அன்ரனிடம் சொன்னேன்.

"நீங்கள் கடைசியாப் பெட்டி இறக்கினது எந்த வருஷம் எண்டு உங்களுக்கே தெரியாது, அண்ணை. முதலாளி புகழ வெளிக்கிட்டு உங்களைச் சுமை தூக்கிறவராக்கிப்போட்டார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அன்ரன் தன் தொலைபேசியோடு வந்து நின்றான்.

"அண்ணை, மார்கிரட் அக்கான்ரை செத்தவீடு நடந்த மாசம்..." கொஞ்சம் இழுத்தான். "அப்ப நான் உங்களுக்கு எடுக்கேல்லை. எழுதித்தானே கேட்டனான்."

உண்மைதான். சாவு நடந்த வீட்டுக்கு வியாபாரம் பேச யாரும் தொலைபேசி எடுப்பதில்லை. தேவாலயத்தில் முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை நான் கார்ஜில் உள்ள என் வீட்டை விட்டு வேலைக்குப் போகவுமில்லை. அந்த நாட்களில் மட்டும் மூன்று பொறுப்பாளர்களும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நானும் எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

'அண்ணை, மன்னிக்கவேணும். ஸ்ரனிஸ்லாஸ் சாரதி வேலை கேக்கிறார். எடுக்கவோ?'

'ஒரு மாசம் பாரும். பிறகு முடிவு சொல்லுறன்.'

'மீன் கொண்டெய்னர் குளிர் விட்டுப்போச்சு.'

'திருப்பி அனுப்பும். கடைக்காரருக்குச் சொல்லிறதுக்கு விற்பனைப் பகுதிக் கோசலையைப் பொறுப்பாய்ப் போடும்.'

முதல் பதில் அடக்கத்துக்கு மறுநாள், காலை ஏழு மணிக்கு.

கேட்ட எழுத்து கையில் இருந்தது. ஆனால் மார்கிரட்டின் சாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவதா என்று கூச்சமாக இருந்தது. அதை அக்‌ஷராவிடம் சொன்னேன். செய்திகளையும் காட்டினேன்.

"அவங்களப் பத்தி ஒரே ஒரு வரிதான் வரும், சார். மனைவி இறந்ததால வேலைக்கு வரலை, அவ்வளவுதான். அந்த மாசம் நீங்க ஒரு பெட்டியக்கூடத் தொடல. முடிவு எல்லாம் உங்களோடது. அவங்க கேக்குறது இதத்தான்."

சம்மதித்தேன். அத்தனை செய்திகளையும் மொழிபெயர்த்தார்கள். முதலாளி இம்முறை உள்ளதை உள்ளபடி எழுதினார்.

ஆனி மாதம் ஒரு பிற்பகல், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் நடந்துகொண்டிருந்தபோது அக்‌ஷரா அழைத்தாள்.

"அப்ரூவ் ஆயிடுச்சு, சார்! விசாவுக்குத் தூதரகத்துல ஒரு தடவ பேசணும். ஆனா இந்தக் கேள்வி முடிஞ்சுது."

ஒரு மரக்கறிக் கடையின் ஓரமாக ஒதுங்கி மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். உண்மையாகவா என்று பிரெஞ்சில் இரண்டு தரம் கேட்டாள்.

"ஓம் பிள்ளை, ஓம்."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. எதிர்க் கடைக்குள் போய் இடியப்பமும் சொதியும் கேட்டேன். தட்டு வெறுமையானதும், இன்னும் பத்து இடியப்பம் வைக்கவோ என்று கேட்டார்கள். வைக்கச் சொன்னேன்.